வள்ளிக்கும்மி கத்துக்கப் போறதா, பார்க்ல ஜும்பாவா? 49 வயசு, முட்டி வலி, கொஞ்சம் சுகர்

தறிச்சத்தம்:

வணக்கமுங்க. இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிருவேன், எழுதறது இதுதான் மொதல் தடவை, ஏதாச்சும் தப்பா இருந்தா பொறுத்துக்குங்க.

எனக்கு 49 வயசு, பல்லடம் பக்கம் ஒரு ஊருங்க. ஊட்டுக்காரர் தறி ஓட்டறார், எட்டு தறி, ஊட்டை ஒட்டியே ஷெட்டு. நான் முன்னாடி திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் போயிட்டிருந்தேன், மாமியார் படுத்த படுக்கை ஆனதும் நின்னுட்டேன், அவங்க போயும் ரெண்டு வருசம் ஆச்சு. பொண்ணை போன ஐப்பசில கட்டிக் குடுத்தோம், பெங்களூர்ல இருக்கறா. இப்ப ஊட்டுல நானும் டிவியும்தான். பொழுதோட ஆறு மணில இருந்து ஒம்பது மணி வரைக்கும் என்னமோ மாதிரி இருக்குதுங்க, அழுகை வருது, எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது. தறிச் சத்தம் ஓடிட்டே இருக்கும், அது நின்னா இன்னும் மோசம்.

டாக்டர்கிட்ட போனதுல மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 7.1, எடை 74, வலது முட்டி எக்ஸ்ரேல லேசா தேய்மானம்னாங்க. மாத்திரை காலைல ஒண்ணு. தினம் முக்கா மணி நேரம் நடங்கன்னாரு. நடந்தேன். நாலு நாள். ரோட்டுல நாய் வேற, தனியா போறப்ப மண்டைக்குள்ள அதே நெனப்புத்தான் சுத்துது, அஞ்சாவது நாள் விட்டாச்சு. இது மாதிரி அஞ்சாறு தடவை ஆரம்பிச்சு விட்டிருப்பேன்.

இப்ப ரெண்டு விசயம் கண்ணுல பட்டுது. ஒண்ணு, டவுன்ல பார்க்ல வெடியால ஆறு மணிக்கு ஜும்பா, பாட்டுப் போட்டு ஆடற எக்சசைஸ், வாரம் மூணு நாள், மாசம் காசு. எங்கூட்டுல இருந்து பஸ்ஸுல போகோணும். இன்னொண்ணு, எங்க ஊரு மாரியம்மன் கோயில் மைதானத்துல வள்ளிக்கும்மி, வள்ளி முருகன் கதையப் பாடிட்டே வட்டமா ஆடறது, சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க, பொழுதோட ஏழு மணிக்கு மேல ஒம்பது வரைக்கும், பீஸ் இல்ல, கடைசில அரங்கேற்றத்துக்கு சேலையும் சலங்கையும் மட்டும் நாமளே வாங்கிக்கணும். ரெண்டு நாள் காம்பவுண்டு ஓரமா நின்னு பாத்துட்டு வந்தேன். சின்னப் புள்ளைக, கல்யாணமான புள்ளைக, எனக்கு மூத்த அக்காமாரும் நாலஞ்சு பேர் ஆடறாங்க. பாத்துட்டு நிக்கறப்ப காலு தானா தாளம் போடுது. ஆனா உள்ள போக கூச்சமா இருக்குது.

ஊட்டுக்காரர்கிட்ட சொன்னதுக்கு, "பேரன் எடுக்கற வயசுல ஆட்டம் கேக்குதா உனக்கு"ன்னாரு. கோவமா சொல்லல, சிரிச்சுட்டேதான் சொன்னாரு, அதுதான் இன்னும் சுருக்குன்னு இருந்துச்சு.

முட்டி வலி இருக்கறவங்க கும்மி ஆடலாமா? ஜும்பா நல்லதா இது நல்லதா? எனக்கு பாட்டு, அடவு எல்லாம் மனசுல நிக்குமான்னும் பயமா இருக்குதுங்க. ஆடினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

—

கோபி வாழைத்தோட்டம்:

அம்மிணி, காம்பவுண்டு ஓரமா நின்னவ எல்லாம் மூணாவது நாள் உள்ள வந்துருவா, நானும் அப்படித்தான் வந்தேன் 🙂

நான் ஆடி அரங்கேற்றம் பண்ணப்ப எனக்கு 52. இப்ப 54, இன்னும் ஆடிட்டிருக்கேன். எங்கூருல எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன், உங்கூருலயும் ஏறக்குறைய இதேதான் இருக்கும். ஆசிரியர் நடுவுல மைக்கோட நின்னு பாடுவாரு, நாம சுத்தி வட்டமா நின்னு ஒவ்வொரு அடியையும் திருப்பிப் பாடிட்டே ஆடணும். ஏற்கனவே அரங்கேற்றம் முடிச்சவங்க உள் வட்டத்துல, புதுசா வர்றவங்க வெளி வட்டத்துல. மொத வாரம் வெறும் கால் வைக்கறது, கை தட்டறது, திரும்பறது மட்டும்தான். கதை பெறகுதான் வரும். வள்ளிக்கிழங்கு எடுத்த குழில வள்ளி கெடைக்கறது, நம்பிராசன் வளக்கறது, தினைக்காட்டுல ஆலோலம் பாடி குருவி ஓட்டறது, முருகன் வேடனா வந்து அப்பறம் வேங்கை மரமா நின்னு அப்பறம் கெழவனா வந்து ஏமாத்தறது, யானை வந்து பயமுறுத்தறது, கடைசில கல்யாணம். ஒவ்வொரு எடத்துக்கும் மெட்டு வேற, அடவு வேற. கெழவன் வர்ற எடத்துல நம்ம குழுல சிரிப்பு அடங்கவே அடங்காது, பாட்டு நின்னுரும், ஆசிரியர் மைக்க கீழ எறக்கிட்டு சும்மா நின்னுட்டிருப்பாரு.

ஞாபகத்துல நிக்குமான்னு கேட்டீங்க இல்ல. நிக்காது. மொத மாசம் எனக்கும் நிக்கல. முப்பது ரூவா நோட்டு ஒண்ணு வாங்கி பாட்டை எழுதி அடுப்பு மேடைல சாத்தி வெச்சிருந்தேன், தாளிக்கறப்ப பாடறது, மாட்டுக்குத் தீவனம் வெக்கறப்ப பாடறது. என்ற மகன் போன்ல பேசறப்ப "அம்மா என்னம்மா பாடற"ன்னான். இப்ப அந்த நோட்டுல எண்ணெய்க் கறைதான் இருக்குது, எழுத்தைக் காணோம், பாட்டு பூராவும் உள்ள போயிருச்சு. ஆனா ஒண்ணு, வாயில பாட்டு வந்தாத்தான் காலு வரும். அடவை எண்ணி எண்ணி ஆடினீங்கன்னா தப்பு வரும். நம்மகிட்ட பாட்டு நின்னுருச்சுன்னா பக்கத்துல இருக்கறவ தோளைப் பாத்துட்டே நகந்துரலாம், வட்டத்துல அது ஒரு வசதி.

மனசு விசயம் சொன்னீங்க, அதுக்கு வர்றேன். என்ற வீட்டுல பையன் துபாய் போன வருசம் நானும் இப்படித்தான் இருந்தேன். கும்மிக்குப் போனா துக்கம் தீர்ந்துருதுன்னு எல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆனா ஏழு மணிக்கு போகணும்னா அஞ்சரைக்கே சோத்து வேலைய முடிக்கணும், தலை சீவணும், ஊக்கு தேடணும். பொழுதோட ஆறு மணிக்கு உக்காந்து அழுகறதுக்கு நேரம் இருக்காது. ரெண்டு நாள் போகலைன்னு வைங்க, மூணாவது நாள் வெடியாலயே வாசல்ல ஆள் வந்து நிக்கும், "ஏன் அக்கா வல்ல, ஒடம்புக்கு முடியலையா"ன்னு. நடக்கறதை நீங்க விட்டப்ப யாராச்சும் வந்து கேட்டாங்களா? அதான் வித்தியாசம்.

ஊட்டுக்காரர் பேச்சுக்கு ஒரு பதில் வெச்சிருக்கேன். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, வள்ளி ஒயில் கும்மிக்காக, அப்ப அவருக்கு வயசு 87. ஆம்பளைங்க மட்டும் ஆடிட்டிருந்த ஆட்டத்துக்குள்ள பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து சொல்லிக் குடுத்தவரு அவரு. 87க்கு நீங்க எவ்வளவு சின்னப் புள்ளைன்னு கணக்குப் போட்டு உங்கூட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க.

—

முட்டி வைத்தியன்:

பிசியோதெரபிஸ்ட்டா இருக்கேன், ஈரோடு பக்கம். இந்த அஞ்சாறு வருசமா எங்க கிளினிக்குக்கு "கும்மி முட்டி"ன்னே தனியா ஒரு கூட்டம் வருது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல பயத்தை விடுங்க மேடம். லேசான தேய்மானத்துக்கு ஒடம்பை அசைக்கறதுதான் மருந்து, படுத்திருக்கறது இல்ல. தேய்ஞ்சிருக்கு அதனால ஆடக்கூடாதுங்கறது பழைய பேச்சு. ஆனா எப்படி ஆடறீங்கங்கறது முக்கியம். கும்மில முட்டிய கெடுக்கறது குதிக்கறது கூட இல்ல, திரும்பறதுதான். பாதத்தை மண்ணுல ஊனி வெச்சுக்கிட்டு ஒடம்பை மட்டும் வெடுக்குன்னு திருப்பினா முறுக்கு பூராவும் முட்டில விழும். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி பாதத்தோட சேந்து திரும்புங்க. குனிஞ்சு தட்டற எடத்துல இடுப்புல இருந்து குனிங்க, முட்டிய ரொம்ப மடக்க வேண்டியதில்ல. வேகம் ஏறற கடைசிக் கட்டத்துல மொத ஒரு மாசம் நீங்க குதிக்காதீங்க, அதே அடிய நடந்தே போடுங்க, யாரும் கவனிக்க மாட்டாங்க, கவனிச்சா கவனிச்சுட்டுப் போறாங்க.

வலிக்கு ஒரு அளவுகோல் சொல்றேன். பத்துக்கு எத்தனைன்னு நீங்களே மார்க் போடுங்க. ரெண்டு வரைக்கும் கவலையே இல்ல. அஞ்சு வரைக்கும் பரவால்ல, ஆனா அடுத்த நாள் அதே நேரத்துக்குள்ள பழைய நிலைக்கு வந்துரணும். அஞ்சுக்கு மேல போச்சுன்னாலோ, மறுநாள் முட்டி வீங்கியிருந்தாலோ, அன்னிக்கு ஆடினது அதிகம்னு அர்த்தம், கொறைச்சுக்குங்க. நின்னுறாதீங்க, கொறைச்சுக்குங்க. ரெண்டும் வேற வேற.

கூடவே வீட்டுல ஒரு வேலை. கைப்புடி இல்லாத நாற்காலில உக்காந்து, கையை நெஞ்சு மேல கட்டிக்கிட்டு எந்திரிச்சு நின்னு, மெதுவா, உக்காரும்போது தொப்புன்னு விழாம உக்காருங்க. பத்து தடவை, காலை பத்து பொழுதோட பத்து. தொடைச் சதை பலமா இருந்தாத்தான் முட்டிக்கு ஆறுதல். எடையும் பாருங்க. முட்டித் தேய்மானம் உள்ளவங்க ஒரு கிலோ கொறைச்சா நடக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரத்துல ஏறக்குறைய நாலு கிலோ கொறையுதுன்னு அளந்து பாத்திருக்காங்க.

இப்ப சுகர். இதுதான் நான் ரொம்ப கவலைப்படற விசயம், கும்மி குழுக்கள்ல யாரும் பேசாத விசயமும் இதுதான். எல்லாரும் வெறுங்கால்ல ஆடறாங்க. கோயில் மைதானம், கல்லு, கண்ணாடிச் சில்லு, வேலமுள்ளு. சுகர் ரொம்ப நாளா இருந்து பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சிருந்தா முள்ளு குத்தினதே தெரியாது. போன வருசம் ஒரு அம்மா வந்தாங்க, அரங்கேற்றத்துக்கு மொத நாள் குதிகால்ல என்னமோ குத்தியிருக்கு, மூணு நாள் கழிச்சு மெட்டிய கழட்டறப்ப குனிஞ்சு பாத்தாத்தான் சீழு. ஆறறதுக்கு நாலு மாசம். நீங்க ஆடப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பாத உணர்ச்சி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, நைலான் நரம்பு மாதிரி ஒண்ணை வெச்சு தொட்டுத் தொட்டுக் கேப்பாங்க, அஞ்சு நிமிசம். ஆடிட்டு வந்து காலைக் கழுவித் துடைச்சுட்டு உள்ளங்காலை தினம் பாருங்க, குனிய முடியலைன்னா கண்ணாடிய தரைல வெச்சுப் பாருங்க. உணர்ச்சி கொறைவுன்னு சொன்னா ஆசிரியர்கிட்ட சொல்லிட்டு மெல்லிசு கேன்வாஸ் ஷூ போட்டுக்குங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.

மாத்திரை மெட்பார்மின் மட்டும்னா ஆடறப்ப சுகர் எறங்கறது அபூர்வம். கிளிமிபிரைடு சேந்ததோ இன்சுலினோ எடுக்கறவங்க வெறும் வயித்துல ஆடாதீங்க, என்ன சாப்பிட்டுட்டுப் போகணும்னு உங்க டாக்டர்கிட்டயே கேளுங்க, இடுப்புல முந்தி முடிச்சுல நாலு சக்கரை மிட்டாய் இருக்கட்டும்.

இன்னொண்ணு, பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க, நானே கேட்டாத்தான் சொல்லுவாங்க. குதிக்கறப்ப ஒண்ணுக்கு சொட்டு வருதுன்னு எத்தனையோ பேர் ஆடறதையே விட்டுடறாங்க. இது வியாதின்னு பயப்பட வேண்டியதில்ல, இடுப்புக்கு அடிச் சதை தளர்ந்து போனது, அதுக்கு பயிற்சி இருக்கு, மூணு மாசம் ஒழுங்கா பண்ணினா நிறையப் பேருக்கு நல்லாவே கொறையுது. வெக்கப்படாம கேளுங்க.

—

சிட்லப்பாக்கம் 38:

ஜும்பா பக்கம் பேச ஒரு ஆள் வேணும் இல்ல, அதான் வந்தேன்.

நான் ஐடி, ஆம்பளை, வயசு 38, பார்க் ஜும்பா ரெண்டு எடத்துல போயிருக்கேன். ஜும்பா ஒண்ணும் பெரிய சாஸ்திரம் இல்லங்க. கொலம்பியாவுல பெட்டோ பெரேஸ்னு ஒருத்தர், 1990கள்ல ஏரோபிக்ஸ் சொல்லிக் குடுத்துட்டிருந்தவர், ஒரு நாள் வழக்கமான கேசட்டை எடுத்துட்டு வர மறந்துட்டு பையில இருந்த சால்சா, மெரங்கே பாட்டைப் போட்டு ஆட விட்டதுதான் ஆரம்பம்னு அவரே சொல்ற கதை. அதாவது அவங்க ஊரு கும்மி அது. இங்க வந்ததும் பாதி பாட்டு நம்ம குத்துப் பாட்டாயிருச்சு, அது வேற விசயம்.

நல்லதுன்னு பாத்தா, மனப்பாடம் பண்ண எதுவும் இல்ல. முன்னாடி நிக்கற ஆளைப் பாத்து ஆடினாப் போதும், தப்பானா தப்பு. முக்கா மணி நேரம் நல்லா வேர்க்கும். காலைலயே முடிஞ்சுரும். கெட்டதுன்னா, தரை. நிறைய பார்க்ல சிமெண்ட்டுலயோ டைல்ஸ்லயோதான் ஆட விடறாங்க, அதுல குதிக்கறது மண்ணுல குதிக்கற மாதிரி இல்ல. ஷூ கட்டாயம். அப்பறம் மாஸ்டர் யாருங்கறதுதான் எல்லாமே. நான் மொதல்ல போன எடத்துல மாஸ்டர் ஒல்லியா இருக்கறவங்களை முன்னாடி நிக்க வெச்சுட்டு குண்டா இருந்த ஒரு அக்காவை மைக்கிலயே பேர் சொல்லி கிண்டல் பண்ணுவான், எல்லாரும் சிரிக்கணும்னு எதிர்பார்ப்பான். நாங்களும் சிரிச்சோம், அதைச் சொல்லவே வெக்கமா இருக்கு. அந்த அக்கா ரெண்டாவது வாரம் வல்ல. ஏன் வல்லன்னு கேக்க எங்க யார்கிட்டயும் அவங்க நம்பர் கூட இல்ல. கோபி அக்கா எழுதினதைப் படிச்சப்ப அதான் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது எடம் நல்லா இருந்துச்சு, மாஸ்டருக்கு வேற வேலை கெடைச்சுப் போயிட்டாரு, கிளாஸ் கலைஞ்சுருச்சு.

உங்க நெலமைக்கு காலைல பஸ் புடிச்சு டவுனுக்குப் போறது ரெண்டு வாரம்தான் தாங்கும்னு தோணுது, கோவிச்சுக்காதீங்க. நடக்கறதுக்கே நாலு நாள் தாங்கலையே 😀

—

பத்தாங்கிளாஸ் அப்பா:

எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க, நான் கொஞ்சம் கசப்பா ரெண்டு சொல்லிக்கறேன்.

எங்க வீடு மைதானத்துக்கு நேர் எதிர். போன வருசம் ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் தினம் ராத்திரி மைக் செட்டு. என்ற பையன் பத்தாவது. பத்து மணிக்கு மேல காலைல ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி போடக்கூடாதுன்னு 2000லயே சத்த விதி வந்தாச்சு, ஆனா அரங்கேற்றம் நெருங்கினா பத்தரை ஆகும், பதினொண்ணு ஆகும், போய்ச் சொன்னா "நம்ம கலைங்க, நீங்களே இப்படிப் பேசலாமா"ம்பாங்க. கலைதான், யார் இல்லைன்னா? கொழாய் ஸ்பீக்கரை என் ஜன்னலைப் பாத்து கட்ட வேண்டாம்னுதான் சொன்னேன். சைனாவுலயும் இதே கூத்துத்தான்னு படிச்சேன், வயசான அம்மாக்கள் பொழுதானா சதுக்கத்துல ஸ்பீக்கர் போட்டு ஆடி அக்கம்பக்கத்துல சண்டையாகி, 2015ல அரசாங்கமே தலையிட்டு 12 ஆட்டம் வகுத்துக் குடுத்துச்சாம்.

ரெண்டாவது இன்னும் கசப்பு. பக்கத்து ஊர்ல ஒரு குழுவுல சேரப் போன என் தங்கச்சி மகளை நீ யார் வூட்டுப் புள்ளைன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு கொங்குல இருக்கற எல்லாருக்கும் தெரியும். பதில் சொன்னதுக்கு அப்பறம் வட்டத்துல எடம் இல்லைன்னுட்டாங்க. வள்ளியே வேடர் குலத்துப் புள்ளைதானுங்களே. அவ கதையப் பாடறதுக்கு சாதி கேட்டா என்னங்க நியாயம்?

தறிச்சத்தம் அக்கா, நீங்க போங்க, நான் வேண்டாம்னு சொல்லல. உங்கூருக் குழு எப்படின்னு மட்டும் பாத்துட்டுப் போங்க.

—

கோபி வாழைத்தோட்டம்:

அண்ணா நீங்க சொல்றது ரெண்டும் நெசம். மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எங்க குழுல அது இல்லைன்னு என்னால சொல்ல முடியும், எல்லாக் குழுக்கும் சேத்துச் சொல்ல முடியாது. எங்க ஆசிரியர்கிட்ட ஒருத்தர் வந்து "இவங்களை எல்லாம் சேத்தா எங்க வூட்டுப் புள்ளைகளை அனுப்ப மாட்டோம்"னாரு, அனுப்ப வேண்டாமுங்கன்னு சொல்லிட்டு அவரு பாட்டை ஆரம்பிச்சுட்டாரு. ஆறு பேர் வராம நின்னுட்டாங்க. ஒரு மாசத்துல நாலு பேர் திரும்ப வந்துட்டாங்க.

பரீட்சை நேரத்துக்கு நாங்க மைக் இல்லாம வாய்ப்பாட்டுல ஆடறோம். அது இன்னும் நல்லா இருக்குது, கால் சத்தம் கேக்கும்.

—

ஈசூன் மாடிவீடு:

சிங்கப்பூர்ல இருந்து எழுதறேன், சின்னதா ஒண்ணு. கரூர்ல இருந்து அம்மா ரெண்டு மாசம் வந்திருந்தாங்க, 63 வயசு. எங்க புளோக்குக்குக் கீழ காலைல சீன ஆன்ட்டிகள் பத்துப் பதினஞ்சு பேர் ஸ்பீக்கர் வெச்சு கையை காலை ஆட்டி ஒண்ணு பண்ணுவாங்க. அம்மா மூணு நாள் தூண் பக்கத்துல நின்னாங்க, நாலாவது நாள் சேலையோட போய் கடைசி வரிசைல நின்னுட்டாங்க. பாஷை சுத்தமா தெரியாது. ஊருக்குப் போறப்ப அந்த ஆன்ட்டிகள் ஆரஞ்சுப் பழம் கட்டிக் குடுத்தாங்க, அம்மா முறுக்கு சுட்டுக் குடுத்தாங்க. இங்க ஹெல்த் போர்டும் ஞாயித்துக்கிழமை பார்க்ல இலவசமா ஜும்பா மாதிரி கிளாஸ் எல்லாம் நடத்துது, நான் போகணும் போகணும்னு நாலு வருசமா சொல்லிட்டிருக்கேன். இதுல அம்மாதான் கெட்டி.

—

ரிட்டயர்டு வாத்தியார்:

ஞாபக மறதிக்கு பயப்படறதா எழுதியிருக்கீங்க அம்மா, அதுக்காக ஒரு செய்தி. 2003ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. நியூயார்க்ல பிராங்ஸ் பகுதியில 75 வயசுக்கு மேல உள்ள 469 பேரை வருசக்கணக்கா கவனிச்சாங்க. படிக்கறது, சீட்டு சதுரங்கம் ஆடறது, வாத்தியம் வாசிக்கறது இதெல்லாம் உள்ளவங்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், கொறைவா வந்துது. ஒடம்பை அசைக்கற காரியங்கள்ல நடை, நீச்சல், சைக்கிள் எல்லாம் இருந்தும் அப்படிச் சம்பந்தம் தெரிஞ்சது நடனத்துக்கு மட்டும்தான். இதுல ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆடினதால மறதி வரலையா, மறதி ஆரம்பிக்காதவங்களாலதான் ஆட முடிஞ்சுதாங்கறதை அந்த மாதிரி ஆய்வால முழுசா பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால வாட்ஸ்அப்ல "நடனம் ஆடினால் மறதி வராது"ன்னு யாராவது அனுப்பினா நம்பாதீங்க. ஆனா பாட்டு, தாளம், பக்கத்து ஆள், திசை நாலையும் ஒரே நேரத்துல மூளை கவனிக்க வேண்டியிருக்குங்கறது உண்மைதானே.

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்கு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிசம் மிதமான உழைப்பு. மிதம்னா எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுவாங்க, பேச முடியணும், பாட முடியக் கூடாது. கும்மில பாடிட்டே ஆடறாங்களே, அதுக்கு என்ன கணக்குன்னு முட்டி வைத்தியன் தம்பிதான் சொல்லணும்.

—

முட்டி வைத்தியன்:

சார் மாட்டி விட்டுட்டீங்க 😀 மெதுவான பாட்டுல பாட முடியும், அது லேசான உழைப்பு. வேகம் ஏறினதும் வட்டத்துல பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பாங்க, சத்தம் வராது, அப்ப கணக்கு சரியா வந்துருது. கும்மில வாய் அசைக்கறதை ஆசிரியர் கண்டுபிடிச்சா திட்டு விழும், அதுக்கு நான் பொறுப்பில்ல.

—

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு வாரம் கழிச்சு வந்து எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

மொதல்ல டாக்டர்கிட்ட போய் பாதத்துல அந்த நைலான் நரம்பு டெஸ்ட் கேட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னதுன்னாரு. உணர்ச்சி நல்லா இருக்குதாம். கும்மி ஆடப் போறேன்னதும், போங்க, அரங்கேற்றத்துக்கு பத்திரிகை வைங்கன்னாரு.

பத்தாங்கிளாஸ் அப்பா சொன்ன விசயத்தையும் விசாரிச்சேன். நேரா ஆசிரியர்கிட்டயே கேட்டேன், எல்லாரும் வரலாங்களான்னு. "கால் இருக்கறவங்க எல்லாம் வரலாமுங்க"ன்னாரு. வட்டத்தைச் சுத்திப் பாத்தேன், அவரு சொன்னது சரியாத்தான் இருந்துச்சு, எங்கூருல எல்லாத் தெரு ஆளும் நின்னுட்டிருந்தாங்க. கல்யாணம் காச்சியில கூட இப்படி ஒண்ணா நின்னு நான் பாத்ததில்லைங்க.

மொத நாளு. எல்லாரும் வலப்பக்கம் திரும்பினாங்க, நான் இடப்பக்கம் திரும்பி பக்கத்துல இருந்த ஏழாங்கிளாஸ் புள்ளை மூக்குல இடிச்சுட்டேன். அழுதுருமோன்னு பதறிட்டேன். அவ மூக்கைத் தேச்சுட்டு, "பெரியம்மா, கொலுசு போட்ட காலை மொதல்ல வைங்க"ன்னா. எனக்கு ரெண்டு கால்லயும் கொலுசு. அதைச் சொன்னதும் அவ ஒரு கால் கொலுசைக் கழட்டச் சொல்லி, இடது காலுது, அதை வாங்கி என்ற முந்தியில முடிஞ்சு விட்டா. மூணு வாரமா ஒத்தைக் கொலுசோடதான் ஆடறேன். இப்ப வலது எதுன்னு யோசிக்கறது இல்ல.

முட்டிக்கு மார்க் போட்டுட்டு வர்றேன். மொத வாரம் நாலு, அஞ்சு. ஒரு நாள் ஏழு, அன்னிக்கு ஆர்வத்துல குதிச்சுட்டேன், மறுநாள் வீங்கிருச்சு, ரெண்டு நாள் ஓரமா ஸ்டூல் போட்டு உக்காந்து பாட மட்டும் பாடினேன். இப்ப ரெண்டு, மூணு. கெண்டைக்கால்தான் பலகை மாதிரி இருக்குது. நாற்காலி எக்சசைஸ் பண்றேன். எடை அப்படியேதான் இருக்குது, 74. பசி வேற கூடிருச்சு, ஆடிட்டு வந்து ஒம்பதரைக்கு ரெண்டு தோசை சேத்துப் போகுது, அதை என்ன பண்றதுன்னு தெரியல.

அழுகை நின்னுருச்சான்னா, இல்லைங்க. ஞாயித்துக்கிழமை கிளாஸ் இல்ல, அன்னிக்குப் பொழுதோட வருது. மத்த நாள் வர்றதில்ல.

ஊட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்ல. முந்தாநாள் தறிக்கு நூல் மாத்திட்டு இருந்தவரு, நான் கெளம்பறப்ப, "வேங்கை மரமா நிக்கற எடம் வந்துருச்சா"ன்னு கேட்டாரு. கதையெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும்னு விசாரிச்சா, அவங்கப்பா ஒயில் கும்மி ஆடினவராம். கல்யாணமாகி 26 வருசத்துல ஒரு தடவை கூடச் சொன்னதில்லைங்க.

இப்ப ஒரு சந்தேகம். அரங்கேற்றம் தை மாசத்துல. சலங்கை வாங்கணும். தோல் பட்டைல தெச்சது நல்லதா, துணிப் பட்டையா? தோலு காலை அறுக்குதுன்னு ஒரு அக்கா சொல்றாங்க, துணி வேர்வைல நனைஞ்சு சரியுதுன்னு இன்னொருத்தர் சொல்றாங்க. கோபி அக்கா, நீங்க எது கட்டறீங்க?

—

கோபி வாழைத்தோட்டம்:

துணிதான். உள்ள பழைய காட்டன் சேலைத் துண்டை நாலா மடிச்சு வெச்சுக் கட்டுங்க, சரியாது. சுகர் இருக்கறவங்களுக்கு தோல் வேண்டாம், உரசிப் புண்ணாயிருச்சுன்னா முட்டி வைத்தியன் தம்பி நம்மைத் திட்டும். மணி கம்மியா இருக்கறதா பாத்து வாங்குங்க, மொத வருசத்துக்கு அது போதும். அப்பறம் அந்த ஒத்தைக் கொலுசை விட்டுட்டு அரங்கேற்றத்தன்னிக்கு ரெண்டு கால்லயும் போட்டுக்குங்க அம்மிணி, போட்டோல தெரியும்.